அலுவலகம் முடிந்து வீடு சேரும் வரை: இளைப்பாற உதவும் பொருளை ஒரு மாணவர் எப்படி உருவாக்கலாம்?

வடிவமைப்புப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் மாணவி ஒருவர், மொரீஷியஸின் எபெனே அலுவலகப் பகுதியில் வேலை செய்யும் ஊழியர்கள் இளைப்பாற உதவும் ஒரு பொருளைத் தம் இறுதித் திட்டமாகச் செய்ய விரும்புவதாக எழுதியிருந்தார். மேசைமேல் வைக்கும் விளக்கு ஒன்று, மூச்சு ஏறி இறங்குவது போல ஒளி கூடிக் குறையும். அதனுடன் ஒரு கைப்பேசிச் செயலி, எத்தனை நிமிடம் அமைதியாக இருந்தீர்கள் என்று கணக்குக் காட்டும். இந்த யோசனை போதுமா, இதை எப்படி வளர்ப்பது என்பது அவருடைய கேள்வி. கையில் எட்டு மாதங்கள் இருக்கின்றன. செலவுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் இல்லை. இங்கே மொரீஷியஸில் பல ஆண்டுகளாக வடிவமைப்பு கற்பித்து வருகிறேன் என்பதாலும், இதே நோக்கத்தோடு செய்யப்பட்ட சில மாணவர் திட்டங்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன் என்பதாலும் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

விளக்கைப் பற்றிய முடிவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அது கெட்ட யோசனை என்று நான் சொல்லவில்லை; பொருளை முதலில் முடிவு செய்துவிட்டால், பிறகு நீங்கள் சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் அந்தப் பொருளுக்கான தேவையையே தேடிக்கொண்டிருப்பீர்கள், வேறு எதுவும் உங்கள் காதில் விழாது. அதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும்: யாருடைய அசதி, எப்படிப்பட்ட அசதி, அது எந்த நேரத்தில் தீரத் தொடங்குகிறது.

எப்படிப்பட்ட அசதி என்பதில் நம் மொழியே உங்களுக்கு ஒரு நல்ல கருவி. களைப்பு உடம்பினுடையது; நின்றும் நடந்தும் வருவது, உட்கார்ந்தால் அல்லது தூங்கினால் தீருவது. சலிப்பு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது. சும்மா இருந்தால் அது தீராது, வேறொன்றில் மனம் ஈடுபட்டால்தான் தீரும். படபடப்பு என்பது வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கிய பிறகும், முடியாத வேலையைப் பாதியில் விட்டு வந்த பிறகும் நெஞ்சில் நின்றுகொண்டிருப்பது. அதோடு படுத்தால் தூக்கம் வராது. இவை கலந்து நாள்பட்டுப் போனதை அலுப்பு என்கிறோம். உங்கள் நேர்காணல்கள் பெரும்பாலும் இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில்தான் நடக்கும். அங்கே ஒருவர் 'மோ ஃபதிகே' (எனக்கு அசதி) என்று சொன்னால், அந்த ஒரு சொல்லுக்குள் இந்த நான்கில் எதுவும் இருக்கலாம். எது என்று கேட்டுப் பிரித்தறியாமல் வடிவமைத்தால், சலித்துப் போனவருக்கு மேலும் ஒரு சும்மா இருக்கும் நேரத்தையும், படபடத்துக் கொண்டிருப்பவருக்கு மேலும் ஒரு செய்ய வேண்டிய வேலையையும் கொடுத்துவிடுவீர்கள்.

இளைப்பாறுதல் என்ற சொல்லில் இருக்கும் 'ஆறுதல்' சூடான பால் ஆறுவது போன்றதுதான். அதற்கு நேரம் வேண்டும்; ஆற்றினால் கொஞ்சம் விரைவாகும்; ஆனால் அடுப்பிலிருந்து இறக்காத பால் எவ்வளவு ஆற்றினாலும் ஆறாது. அலுவலக மேசைமேல் வைக்கும் விளக்கைப் பற்றி எனக்கு இருக்கும் முதல் தயக்கம் இதுவே: அது அடுப்பின் மேலேயே இருக்கிறது. பால் எப்போது இறக்கப்படுகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் ஆய்வின் முதல் இரண்டு மாத வேலை.

இனி, யாருடைய அசதி என்பது. 'எபெனே அலுவலக ஊழியர்' என்று ஒரே மாதிரியான மனிதர் இல்லை. கரும்பு விளைந்த நிலத்தில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில், ஒரே மாடியில் இரண்டு வேறு நேரங்களில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கு எழுதுபவர் மாலை ஐந்து மணிக்கு வேலை முடித்து, 2023 முதல் ஓடும் ரெதுய் கிளையில் மெட்ரோ ஏறி, ரோஸ் ஹில்லில் மாறி வீடு போகிறார். பிரான்ஸின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் கால் சென்டர் ஊழியரோ பாரிஸ் கடிகாரத்தில் வாழ்கிறார். நமக்கும் பாரிஸுக்கும் இடைவெளி அவர்களுடைய கோடையில் இரண்டு மணி நேரம், குளிர்காலத்தில் மூன்று. நாம் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அவர்கள் மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாற்றுகிறார்கள். ஆகவே அங்கே மாலை ஆறு மணிக்கு முடியும் வேலை இங்கே ஆண்டில் ஏழு மாதம் எட்டு மணிக்கும் ஐந்து மாதம் ஒன்பது மணிக்கும் முடிகிறது. தம் ஊரில் எதுவும் மாறாதபோது தம் இரவு மட்டும் ஒரு மணி நேரம் குறைகிறது என்று ஓர் இளைஞர் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. அந்த நேரத்தில் பேருந்து கிடைப்பது அரிது என்பதால், நிறுவனம் அமர்த்திய வேனில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஒவ்வொருவராக அவரவர் ஊரில் இறங்கிக்கொண்டு போகிறார்கள்.

இந்த இரு கூட்டத்தாரில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் வேனில் போகிறவர்களை எடுப்பேன். அவர்களுடைய நாளின் எல்லை தெளிவாகத் தெரிகிறது, ஹெட்செட்டைக் கழற்றும் கணத்தில் தொடங்கி வீட்டுக் கதவு வரை. வீட்டுக்குப் போனபின் ஓய்வு என்று நினைப்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. குழந்தையும் சமையலும் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்த நாற்பது நிமிடப் பயணம் மட்டுமே தமக்கென்று இருக்கும் நேரமாக இருக்கலாம்.

அவர்களிடம் 'உங்களுக்கு மன அழுத்தம் இருக்கிறதா, எப்படி ஓய்வு எடுப்பீர்கள்' என்று கேட்காதீர்கள். இசை, கடற்கரை, குடும்பத்தோடு நேரம் என்று எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள். பொய் சொல்வதால் அல்ல, பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும் என்பதால். நேற்று ஹெட்செட்டைக் கழற்றியதிலிருந்து தூங்கும் வரை என்னென்ன செய்தீர்கள், ஒவ்வொன்றின்போதும் மனம் எப்படி இருந்தது என்று வரிசையாகக் கேளுங்கள். உளவியலாளர் டேனியல் கானமனும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையில்தான் நடந்தது. டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்கள் தங்கள் முந்தைய நாளைப் பகுதி பகுதியாக நினைவுகூர்ந்து எழுதினார்கள். காலையில் வேலைக்குப் போகும் பயணமே அவர்கள் மிகக் குறைவாக விரும்பிய நேரமாக அதில் தெரியவந்தது. பயணம் என்பது இடையில் விடுபட்டுப் போகும் வெற்று நேரம் அல்ல என்பதற்கு அது ஒரு சான்று. அதனால்தான் உங்களை அங்கே பார்க்கச் சொல்கிறேன்.

பேச்சோடு நிறுத்தாமல், எட்டுப் பேருக்கு ஒரு சிறு உறை கொடுத்து ஒரு வாரம் வைத்திருக்கச் சொல்லுங்கள். வடிவமைப்பு ஆய்வாளர் பில் கேவரும் அவருடைய குழுவினரும் 1999இல் எழுதிய 'பண்பாட்டுத் துழாவிகள்' என்ற முறையில் ஆஸ்லோ, ஆம்ஸ்டர்டாம், இத்தாலியின் பெச்சோலி ஆகிய இடங்களின் முதியவர்களுக்கு அஞ்சலட்டைகள், வரைபடங்கள், ஒரு மலிவான கேமரா ஆகியவற்றைக் கொடுத்தார்கள். உங்கள் உறையில் இவ்வளவு வேண்டாம்: வேன் போகும் வழியை வரைந்த ஒரு தாள், 'எந்த இடத்தில் அலுவலகம் மனத்தை விட்டு இறங்கியது என்று புள்ளி வையுங்கள்' என்ற ஒரு வரி, ஒரு பென்சில். இதுபோன்ற தாள் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஐந்து நாளும் புள்ளி வழியில் எங்குமே இல்லை. தாளின் ஓரத்தில், வீட்டைத் தாண்டி, ஒரு படுக்கையைச் சிறியதாக வரைந்து அதன்மேல் புள்ளி வைத்திருந்தார்.

கூடவே, நீங்களும் இரண்டு மூன்று முறை அந்த நேரத்தில் அங்கே நின்று, அனுமதி கேட்டு, வெறுமனே பாருங்கள். ஒருமுறை எபெனேயில் வேனுக்குக் காத்திருந்த ஒரு பெண், இடது காதின் தோட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துவிட்டு, காது மடலை இரண்டு விரலால் மெல்ல நீவிக்கொண்டே இருந்தார். ஹெட்செட் எட்டு மணி நேரம் அழுத்திய காது அது. பிறகு கைப்பேசியை எடுத்தார். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஏதோ வந்திருந்தது. நீவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. காதை நீவும் அந்தக் கை உங்களுக்கு எந்தக் கேள்வித்தாளிலும் கிடைக்காது. இளைப்பாறுதல் எங்கே தொடங்கியது, எங்கே அறுந்தது என்பது இரண்டும் ஒரே நிமிடத்தில் அங்கே தெரிந்தது.

இப்போது கோட்பாட்டுக்கு வரலாம். உங்கள் அறிக்கைக்கு அது வேண்டும். வேலையிலிருந்து மீள்வதைப் பற்றி ஜெர்மன் உளவியலாளர் சபினே சொன்னென்டாக், ஷார்லட் ஃப்ரிட்ஸ் இருவரும் 2007இல் ஒரு கேள்வித்தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் மீட்சியை நான்காகப் பிரிக்கிறார்கள்: வேலையிலிருந்து மனத்தளவில் விலகியிருப்பது, தளர்வது, புதிதாக ஒன்றைக் கற்றுக் கைவரப் பெறுவது, தன் நேரம் தன் கையில் இருப்பது. உங்களைப் போன்றவர்கள் கொண்டுவரும் திட்டங்களில் பத்துக்கு எட்டு இரண்டாவதை மட்டுமே தொடுகின்றன: மெல்லிய ஒளி, மழைச் சத்தம், வாசனை. மற்ற மூன்றும் அப்படியே கிடக்கின்றன. ஒரு மாணவர் திட்டத்தின் உண்மையான இடம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. நான்காவதை மறக்கவே கூடாது: நாள் முழுவதும் எப்போது எழ வேண்டும், எவ்வளவு நேரம் பேச வேண்டும் என்று பிறர் சொல்லக் கேட்டவரிடம், 'இப்போது மூச்சை இழுங்கள்' என்று ஒரு பொருள் சொன்னால், அதுவும் இன்னொரு மேற்பார்வையாளர்தான்.

இதை நான் ஒரு தோல்வியிலிருந்து கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் உங்கள் விளக்கைப் போன்ற ஒன்றை அழகாகவே செய்தார். ஓர் அலுவலகத்தில் அனுமதி பெற்று, ஓய்வறையில் வைத்தோம். முதல் இரண்டு நாள் பலர் வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் அந்த மாடியின் மேலாளர், யார் யார் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார்கள் என்ற கணக்கைச் செயலியிலிருந்து எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். நாங்கள் தரவில்லை. ஆனாலும் அவர் கேட்டார் என்ற செய்தி பரவியது; அடுத்த நாளிலிருந்து அந்த விளக்கின் முன் ஒருவர்கூட உட்காரவில்லை. அழைப்பின் நீளத்தையும் கழிப்பறைக்குப் போன நேரத்தையும் வினாடியில் எண்ணும் இடத்தில், அமைதியையும் எண்ணும் ஒரு கருவியை நாங்களே கொண்டுபோய் வைத்தோம். தவறு எங்களுடையது. உங்கள் செயலியில் அந்த நிமிடக் கணக்கை இன்றே எடுத்துவிடுங்கள். சேகரிக்காத தகவலை யாரும் கேட்டு வாங்க முடியாது.

எண்ணாமலே இருப்பை உணர்த்தும் பொருளுக்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. கணினி ஆய்வாளர்களான மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் 1995இல் அமைதியான தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதியபோது, ஜெராக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் நடாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர் தொங்கவிட்ட ஒரு பிளாஸ்டிக் கயிற்றை எடுத்துக்காட்டினார்கள். எட்டடி நீளம், கூரையில் ஒரு சிறு மோட்டார், அது கணினி வலையின் கம்பியோடு இணைந்தது. வலையில் போக்குவரத்து கூடினால் கயிறு சுழன்று இரையும். குறைந்தால் சில வினாடிக்கு ஒருமுறை சற்றே துடிக்கும். திரை இல்லை, எண் இல்லை. பார்க்க வேண்டும் என்று யாரையும் அது அழைக்கவில்லை, ஆனால் கடைக்கண்ணில் எல்லாருக்கும் தெரிந்தது. உங்கள் பொருள் இருக்க வேண்டிய இடம் அந்தக் கடைக்கண்தான்.

வேன் என்று முடிவு செய்தால் விளக்கு தானாகவே விழுந்துவிடுகிறது. இருட்டில், பக்கத்தில் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மடியில் ஒளி ஏறி இறங்கினால் மற்றவருக்குத் தொல்லை. ஒலியும் அப்படித்தான், நாள் முழுவதும் காதால் உழைத்தவர் மறுபடியும் காதில் ஒன்றை மாட்டிக்கொள்ள விரும்ப மாட்டார். மிஞ்சுவது கை. (விளக்கையே செய்வதாக முடிவெடுத்தால் ஒரு நுட்பத்தை மட்டும் மறக்க வேண்டாம்: மின்னோட்டத்தை நேர்க்கோட்டில் ஏற்றினால் கண்ணுக்கு ஒளி முதலில் பாய்ந்து எழுந்து, பிறகு நின்றுவிட்டது போலத் தோன்றும், ஏனென்றால் மங்கலான ஒளியில் உண்டாகும் மாற்றத்தைக் கண் மிக நுட்பமாக உணர்கிறது. தொடக்கத்தில் மிக மெதுவாகவும் உச்சியில் வேகமாகவும் ஏறும் வளைவை நிரலில் எழுதினால்தான் அது மூச்சு போல இருக்கும்.)

கைக்கு என்ன கொடுப்பது? மூச்சோடு தொடங்கினீர்கள், அது நல்ல தொடக்கம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, அதாவது ஒரு மூச்சுக்குப் பத்து வினாடி என்ற அளவில் மூச்சு மெதுவாகும்போது இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ரத்த அழுத்தத்தின் அலையும் ஒன்றோடொன்று இசைந்து வருகின்றன. லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் உடல்நலமுள்ள 23 பேரிடம் இதைச் சோதித்தார்கள். லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னபோதும், 'ஓம் மணி பத்மே' என்ற மந்திரத்தை உருவிட்டபோதும், யாரும் சொல்லாமலே மூச்சு ஏறத்தாழ அந்த ஆறுக்கு வந்து நின்றது. ஜெபமாலையும் உருத்திராட்ச மாலையும் ஒரே வேனில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் இருக்கக்கூடிய நாடு நம்முடையது. அவற்றை நகலெடுக்கச் சொல்லவில்லை. வழிபாட்டுப் பொருளை அலுவலகக் கருவியாக்குவது யாருக்கும் மரியாதை ஆகாது. விரல் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு நகரும் வேகமே மூச்சுக்கு வழிகாட்டும் என்ற இயக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு பாட்டரி வேண்டாம், ஆர்டுயினோ மின்சுற்றுப் பலகை வேண்டாம்; பத்தாயிரம் ரூபாயில் பெரும்பகுதி மிஞ்சும். சிறு மோட்டார் வைத்து வீங்கிச் சுருங்கும் பொருள் செய்ய ஆசைப்பட்டால், அதன் முனகலை வகுப்பறையில் அல்ல, வேனில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

மூலப்பொருளாக நான் முதலில் நினைப்பது வாக்வா ஓலை. தமிழ்நாட்டுத் தாழையின் உறவு. சந்தைக்கு எடுத்துப் போகும் தாந்த் கூடையை இதில்தான் நம் பாட்டிமார் முடைந்தார்கள். ஓலையின் ஓர முள்ளைச் சீவி, நீளவாக்கில் ஒரே அகலத்தில் கிழித்து, காய வைத்துத்தான் முடைய வேண்டும். சரியாகக் காய்ந்த ஓலையை விரலால் நீவினால் ஒரு பக்கம் மழமழப்பாகவும், எதிர்த் திசையில் சற்றுப் பிடிப்பாகவும் இருக்கும். போகும்போது மழமழப்பு, வரும்போது பிடிப்பு: மூச்சை இழுப்பதற்கும் விடுவதற்கும் இடையிலான வேறுபாடு அந்த இழையிலேயே இருக்கிறது. உள்ளங்கை அளவுக்கு ஒரு பட்டையை முடைந்து, விடுமூச்சுக்கான பக்கத்தைச் சற்று நீளமாக வைத்துப் பாருங்கள். இன்னும் முடைந்து கற்றுத்தரும் பாட்டிமார் சிலர் இருக்கிறார்கள். ஒரு நாள் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் கை எப்போது பேச்சை நிறுத்துகிறது, எப்போது தொடங்குகிறது என்று பார்த்தால், கைவேலை மனத்தை எப்படி விலக்கி வைக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

படபடப்புதான் உங்கள் மக்களின் சிக்கல் என்று தெரியவந்தால், பொருளின் பாதி வேலை வேனில் அல்ல, அலுவலக வாசலில் நடக்க வேண்டும். தூக்க ஆய்வாளர் மைக்கேல் ஸ்கல்லினின் குழு 2018இல் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்து, படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னது. இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட விரைவில் தூங்கினார்கள். நாளைய கவலையை ஒரு சீட்டில் எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, ஓலைப் பட்டையை எடுத்துக்கொண்டு இறங்குவது என்று இரண்டையும் ஒரு சடங்காக இணைக்கலாம். பாலை அடுப்பிலிருந்து இறக்கும் செய்கை அந்தச் சீட்டு.

முன்மாதிரிகளைத் தோராயமாகச் செய்யுங்கள்: அட்டை, துணி, கிழிந்த ஓலை. அழகாக இருப்பதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஐந்து மோசமான மாதிரிகளை எட்டுப் பேரின் கையில் கொடுத்துவிட்டு, எது பையிலேயே கிடக்கிறது, எதன் ஓரம் நைந்து வருகிறது என்று பாருங்கள்.

இறுதிச் சோதனைக்கு இரண்டு வாரம் பொருள் இல்லாமலும் இரண்டு வாரம் பொருளோடும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் இரவும் சொன்னென்டாக் தொகுப்பில் மனவிலகலைப் பற்றிய நான்கு கேள்விகளை மட்டும் கேட்டால் போதும். அவற்றைக் கிரியோலில் மொழிபெயர்த்து, வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப மூலமொழிக்கு மாற்றச் சொல்லிச் சரிபாருங்கள். கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை நம்ப வேண்டாம். தோலின் வழியே ஒளி பாய்ச்சி அளக்கும் அந்தக் கருவி, குலுங்கும் வேனில் கை அசைவையும் துடிப்பையும் குழப்பிக்கொள்ளும். வாரங்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். பாரிஸ் கடிகாரம் மாறும் வாரம் ஆகாது. தைப்பூசக் காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதமும் ஆகாது. அப்போது நம்மவர்கள் உணவும் தூக்கமும் மனமும் வேறு கதியில் இருக்கும். புயல் எச்சரிக்கை வந்து அலுவலகம் மூடினால் அந்த வாரத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள். எட்டுப் பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது என்று விவரமாக எழுதினால் அதுவே தேர்வாளருக்குப் பயன்படும்.

அறிக்கையில் ஒரு பக்கத்தை அடுப்புக்கு, அதாவது அந்த வேலைக்கே, ஒதுக்குங்கள். இளைப்பாற உதவும் எந்தப் பொருளையும், வேலைச்சுமையைக் குறைக்காமல் தப்பிக்க ஒரு நிறுவனம் பயன்படுத்திக்கொள்ளலாம். வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்புகொள்ளப்படாமல் இருக்கும் உரிமையைப் பற்றி ஊழியர் தரப்போடு பேச வேண்டும் என்ற விதி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பிரெஞ்சு நிறுவனங்களுக்கு 2017 ஜனவரி முதல் இருக்கிறது. அந்த நாட்டு வாடிக்கையாளர்களுக்காகத்தான் எபெனேயில் இரவு ஒன்பது வரை விளக்கு எரிகிறது. வாட்ஸ்அப் குழு எத்தனை மணிக்கு அமைதியாக வேண்டும் என்று உங்கள் எட்டுப் பேரும் சொன்னதை, பெயர் இல்லாமல், அவர்கள் சொன்ன கிரியோல் சொற்களிலேயே அந்தப் பக்கத்தில் எழுதுங்கள்.

கண்காட்சியில் வைக்கும்போது புதிய பட்டையை வைக்க வேண்டாம். இரண்டு வாரம் ஒருவர் கையில் இருந்து ஓரம் நைந்ததை, அவர் புள்ளி வைத்த வேன் வழித் தாளோடு சேர்த்து வையுங்கள். முதல் உறைகளைக் கொடுத்துத் தாள்கள் திரும்பி வந்த பிறகு மறுபடி எழுதுங்கள். புள்ளிகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று தெரிந்தால், அடுத்து எந்த மாதிரியைச் செய்வது என்பதைச் சேர்ந்து யோசிக்கலாம்.